மகனுக்கு இரண்டாம் மொழி தமிழா, மலையாளமா? வெளிநாட்டில் குமரிக்காரன் எந்தச் சங்கத்தில் சேர்வது?

மேற்குக்கரையான் | மனாமா, பஹ்ரைன் | சொந்த ஊர் விளவங்கோடு தாலுகா

எல்லாருக்கும் வணக்கம். மகன் இங்கே சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிறான். வருகிற கல்வியாண்டில் ஆறாம் வகுப்பு. இரண்டாம் மொழி எது என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. மற்ற வீடுகளில் இது ஒரு நிமிட வேலை. எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை.

மனைவி பாறசாலைக்காரி. களியக்காவிளை தாண்டினால் அவள் வீடு வந்துவிடும், ஆனால் வேறு மாநிலம். என் அம்மா திருவிதாங்கூர்க் காலத்தில் பிறந்தவர். மலையாளப் பள்ளியில் படித்தவர், இன்றைக்கும் பத்திரிகை மலையாளத்தில்தான் வாசிப்பார். நான் தமிழ் வழியில் படித்தேன். வீட்டில் பேசுவது இரண்டும் கலந்த நம்மூர்ப் பேச்சு. மகனுக்கு இப்போது இரண்டு எழுத்துமே வாசிக்கத் தெரியாது.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. இங்கே தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழாவுக்குப் போய் நான் வாயைத் திறந்தால் "சார் கேரளாவா?" என்று கேட்கிறார்கள். மலையாளிகள் ஓணத்துக்கு அன்பாகக் கூப்பிட்டு இலை போடுவார்கள். வேலையில் ஒரு தகராறு வந்தால் அதே வாயில், தமிழனை இளக்காரமாகச் சொல்லும் "பாண்டி" வந்துவிடும். மகன் போன மாதம் கேட்டான், நாம் யார் என்று. கன்னியாகுமரி என்றேன். அது சுற்றுலா இடம்தானே என்கிறான்.

இதைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

—

தோவாளைப்பூ | நாகர்கோவில்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது சும்மா நடந்ததில்லை. தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடியவர்களை 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் உங்கள் தாலுகாக்காரர்கள், எங்கள் தோவாளைக்காரர்கள் இல்லை. அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியும் உங்கள் பக்கத்துக்காரர்தான். அப்படி வாங்கிக் கொடுத்ததை ஒரு பள்ளிக்கூடப் படிவத்தில் விட்டுக்கொடுப்பீர்களா?

தமிழ் எடுக்கச் சொல்லுங்கள். மலையாளம் பேச்சில் தானாக வரும்.

—

நெய்யூர்க்காரி | லெஸ்டர், இங்கிலாந்து

தோவாளை அண்ணாச்சி, 1954-ஐ ஒரு பத்து வயதுப் பையன் தலையில் ஏற்ற வேண்டாம்.

நான் நர்ஸ். முதலில் சவுதி, இப்போது இங்கிலாந்து. எங்கள் ஊர்ப் பெண்கள் நர்சிங்குக்குப் போனதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-லேயே மருத்துவ வேலையைத் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சோமர்வெல் பல வருஷம் அங்கேதான் அறுவை சிகிச்சை செய்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்குப் பாட்டி காலத்திலிருந்தே தெரிந்த வேலை இடம். ஆக, வெளிநாடு போகும் நர்ஸ் என்றால் கேரளா என்று பொதுவாகச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். ரியாத்தில் முதல் வேலையில் எனக்குக் கை கொடுத்தது மலையாளி நர்சுகள். எந்த ஏஜென்ட் ஏமாற்றுவான், ஓஇடி என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு எங்கே படிக்கலாம், இக்காமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்காவிட்டால் யாரிடம் போய் நிற்பது, எல்லாம் அவர்களிடம் கற்றதுதான். என் மலையாளம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதே வார்டில் மதுரைக்காரி ஒருத்தி இருந்தாள். தமிழ்நாடுதான், ஆனால் அவளுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. நம்மூர்க்காரிக்கு இரண்டு வாசலும் திறக்கும். அதைப் பையனிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

இங்கே லெஸ்டரில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ் ஆராதனைக்குப் போகிறோம். பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களுக்கு என் தமிழ் வேடிக்கை, எனக்கு அவர்கள் தமிழ் வேடிக்கை. யாரும் யாரையும் கேரளாவா என்று கேட்பதில்லை. அதுவே பெரிய நிம்மதி.

—

ஸ்ராங்கு_தூத்தூர் | கடலில் இல்லாத நேரம் ஊரில்

நெய்யூர் அக்கா சொன்ன வாசல் கணக்கு நல்லா இருக்கு. எங்களுக்கு மூன்றாவது வாசல் ஒன்று உண்டு: பங்கு, அதாவது எங்கள் தேவாலயச் சமூகம்.

எங்கள் கடற்கரை இரையுமன்துறையில் தொடங்கி நீரோடி வரைக்கும். மாநிலம் தமிழ்நாடு. ஆனால் மறைமாவட்டம் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். கோட்டாறு மறைமாவட்டம் 1930-லேயே வந்தது, குழித்துறை 2014-ல் வந்தது, நாங்கள் இரண்டிலும் இல்லை. கலெக்டர் நாகர்கோவிலில், பிஷப் திருவனந்தபுரத்தில். படகு கொச்சியிலோ மங்களூரிலோ நிற்கும். இதில் நான் தமிழனா மலையாளியா என்று யாராவது கேட்டால் எங்கள் ஆட்கள் துறையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பஹ்ரைனிலும் கத்தாரிலும் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்வது ஊர்வாரியாகத்தான். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் வல்லவிளைக்காரன் ஒரு பக்கம், சின்னத்துறைக்காரன் ஒரு பக்கம். திருவிழா வரி அங்கேயே பிரித்து ஊருக்கு அனுப்புவார்கள். 2017 நவம்பர் 30, ஓகி புயல் அடித்தபோது எங்கள் படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. யார் யார் வரவில்லை என்ற பட்டியலை முதலில் ஒழுங்காக எழுதியது ஊர்க் கமிட்டிகள். அந்தப் பட்டியல் வளைகுடாவுக்குப் போய், அங்கேயிருந்து பணமும் விசாரிப்பும் வந்தது. குழித்துறை ஸ்டேஷனில் ரயிலை மறித்து உட்கார்ந்த பிறகுதான் அரசாங்கம் கண்ணைத் திறந்து பார்த்தது. கேரளா இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்றது. தமிழ்நாடு முதலில் 10 என்று சொல்லி, பிறகு அதையும் 20 ஆக்கியது. பக்கத்தில் கேரளா இல்லாமல் இருந்திருந்தால் பத்தோடு நின்றிருக்கும் என்று எங்கள் ஊரில் இன்றும் பேசுவார்கள்.

தம்பி, பையனுக்கு எந்த மொழி வேண்டுமானாலும் எடுங்கள். ஊருக்கு வருஷம் ஒரு முறை கூட்டிக்கொண்டு வாருங்கள். மற்றது தன்னால் வரும்.

—

மேற்குக்கரையான்

ஸ்ராங்கு அண்ணே, ஊர்க் கமிட்டி உங்களுக்கு உண்டு. உள்நாட்டில் எங்களுக்கு அந்தக் கட்டுக்கோப்பு கிடையாது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே தனித்தனி வீடு. பக்கத்து வீட்டுக்காரனை நான் பஹ்ரைனில்தான் முதலில் ஒழுங்காகப் பார்த்துப் பேசினேன்!

இங்கே கேரளீய சமாஜம் 1947-ல் தொடங்கியது. அப்போது நம் மாவட்டமும் திருவிதாங்கூரில் இருந்தது. அவர்கள் அன்றைக்கே கட்டிக்கொண்டார்கள், நாம் இன்னும் யாரோடு உட்காருவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

—

பட்டணத்துப்பிள்ளை | ஷார்ஜா | தேங்காய்ப்பட்டணம்

மக்கா, சங்கம் சங்கம் என்கிறீர்கள். நீங்கள் எல்லாம் குடும்ப விசாக்காரர்கள். பேச்சிலர் ரூமில் இருந்து பாருங்கள். என் முதல் ரூமில் பெஷாவர்க்காரர் இருவர், சில்ஹெட்காரர் ஒருவர், நேபாளி ஒருவர், நான். ராத்திரி குப்பூசும் பருப்பும். பேசியது இந்தி, அதுவும் வளைகுடா இந்தி. இலக்கணம் கிடையாது, எல்லாருக்கும் புரியும். நான் இந்தி கற்றதே பட்டாணிகளிடம்தான். ஊரில் யாராவது இந்தித் திணிப்பு என்று பேசினால் எனக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வரும். திணிக்காமலே வந்தது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்வதில்லை.

2019-ல் எல்லையில் பதற்றம் வந்தபோது ரூமில் டிவியை அணைத்துவிட்டோம். யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வழக்கம்போல மெஸ் கணக்குச் சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

அந்தப் பெஷாவர்க்காரரில் ஒருவருக்குச் சூஃபி ஞானி தக்கலை பீர்முகமது அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஆண்டு விழாவில் அவர் பாடிய ஞானப் பாடல்களைத் தமிழிலேயே ராத்திரி முழுக்க ஓதுவார்கள் என்றேன். ஒலியா, அதாவது இறைநேசர் ஒருவரின் பாட்டைத் தமிழில் ஓதுவார்களா என்று ஆச்சரியப்பட்டார். கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமல் கடைசி வரை கேட்டார்.

அந்த ஓதலைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டுமானால் தமிழ் எழுத்துத் தெரிய வேண்டும். என் மகளுக்குத் தமிழ் எடுத்ததற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும். உங்களுக்கு வேறு காரணம் இருக்கலாம்.

—

கருங்கல்_ரோஸ் | ஊரில்தான் இருக்கிறேன்

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் வெளியே இருந்து பேசுகிறீர்கள், உள்ளே இருந்து ஒருத்தி பேசட்டும்.

எங்கள் தெருவில் பெரிய வீடுகள் எல்லாம் வளைகுடா வீடுகள். பாதிக்குப் பூட்டு. மீதியில் ஒரு வயதான அம்மா, நாலு கேமரா. மகன் தோஹாவிலிருந்து கேமராவில் பார்த்து "அம்மா, கேட்டை ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள்" என்று போன் பண்ணுவான். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது நான். அந்த வீட்டுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட இப்போது நம்மூர் ஆள் கிடைப்பதில்லை. கொத்தனார் வேலைக்கு வங்காளத்துப் பையன்கள், ஹோட்டலில் அசாம் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை கருங்கல் சந்தையில் நின்று பாருங்கள், எத்தனை மொழி கேட்கிறது என்று. அவர்களும் மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்தான். அவர்களை நாம் "பாய்" என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், அவன் ஒடிசாக்காரனா பீகாரியா என்று யாரும் கேட்பதில்லை. உங்களை "பாண்டி" என்றால் மட்டும் வலிக்கிறது.

அப்புறம் ஸ்ராங்கு அண்ணன் சொன்ன ஊர்க் கமிட்டி. நல்லது செய்வார்கள், மறுக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சபையிலும் ஒரு கமிட்டி உண்டு, வளைகுடா வாட்ஸ்அப் குழு உண்டு. புதுக் கோபுரம் கட்டலாமா என்று அங்கே முடிவாகும், இங்கே வசூல் நடக்கும். புருஷன் குவைத்தில் இருக்கிற வீட்டில் வரி கட்டுவது பெண், கூட்டத்துக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது பெண், கை தூக்க உரிமை மட்டும் புருஷனுக்கு, அதுவும் வீடியோ காலில். புருஷன் செத்துப்போனால் அந்த வீட்டுக்குக் கையும் கிடையாது, வரி மட்டும் பாதி. பண்பாட்டைக் காப்பாற்றுவது என்று நீங்கள் அங்கேயிருந்து அனுப்பும் பணத்தில் நடக்கிறவற்றில் இதுவும் ஒன்று.

—

ஸ்ராங்கு_தூத்தூர்

ரோஸ் சொல்வது எங்கள் பக்கமும் பொருந்தும். கடலுக்குப் போகிறவனுக்குத்தான் ஊர்க் கூட்டத்தில் பேச்சு என்பது பழைய வழக்கம். இப்போது ஆண்கள் எட்டு மாதம் ஊரில் இல்லை, வழக்கம் மட்டும் இருக்கிறது. சில துறைகளில் அன்பியம் என்ற சிறு ஜெபக் குழு வழியாகப் பெண்கள் பங்கை நடத்தும் பங்குப்பேரவைக்கு வந்திருக்கிறார்கள். பணக் கணக்கு வரும் கூட்டத்துக்கு இன்னும் வரவில்லை.

அம்மாவும் கேமராவும் என்று சொன்னது நெஞ்சில் நிற்கிறது. ஆனால் போகாமல் இருக்க வழி சொல்லுங்கள்.

—

தோவாளைப்பூ

வழி இருந்தது. போனவர்கள் ஒழுங்காகப் போகவில்லை என்பதுதான் என் பார்வை. ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கும் ஜிஎஸ்டிக்கும் மேல் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. யாராவது கேட்கிறார்களா?

—

ஸ்ராங்கு_தூத்தூர்

அண்ணாச்சி, விதி யாருக்கு என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவன் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். அவன் சவுதி, குவைத், பஹ்ரைன் போல 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் இமிகிரேட் என்ற அரசு இணையதளத்தில் பதிந்து அனுமதி வாங்க வேண்டும். அப்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸும் சேர்ந்து வரும்: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், 10 லட்சம் காப்பீடு. நல்ல ஏற்பாடு.

அந்த 18-ல் ஈரான் கிடையாது. எங்கள் ஆட்கள் ஈரானுக்கு மீன்பிடிக்கப் போகிறார்கள். மாதச் சம்பளம் இல்லை, பிடித்த மீனில் பங்கு. மீன் இல்லையென்றால் சாப்பாட்டுச் செலவு கடனாக ஏறும். 2020-ல் கொரோனா வந்தபோது அங்கே மாட்டிக்கொண்டார்கள். படகிலேயே தூங்கி, குடிதண்ணீருக்கு அலைந்து, கைப்பேசியில் வீடியோ எடுத்து அனுப்பினார்கள். கடைசியில் கடற்படைக் கப்பல் ஜலாஷ்வா பந்தர் அப்பாசிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. எங்கள் மாவட்டத்து மீனவர்கள் அதில் நிறைய. இறங்கியவர்களில் எத்தனையோ பேர் கடன் அடையவில்லை என்று திரும்பவும் அதே கடலுக்குப் போனார்கள்.

சங்கம் வேண்டுமா என்று கேட்டால் இதற்குத்தான் வேண்டும். பொங்கல் விழாவுக்கு அல்ல.

—

நெய்யூர்க்காரி

இந்த இடத்தில் இரண்டு மாநிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேரளா 1996-ல் நோர்கா என்று தனித் துறையே தொடங்கியது. வெளிநாட்டு மலையாளிகளுக்கு நல வாரியம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அரசு நிறுவனம் 1978-லேயே வந்தது, ஆனால் வெளிநாட்டுத் தமிழர் நலனுக்குச் சட்டம் 2011-ல்தான் வந்தது. வாரியம் வேலை செய்யத் தொடங்கியது அதற்கும் வெகுகாலம் கழித்து. இப்போது ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டத்தைவிட அந்த வாரியத்தில் பதிந்துகொள்வது முக்கியம். நம் ஆட்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மலையாளிகளோடு பழகிப் பழகி நோர்கா பெயர் மட்டும் தெரியும், அதில் நமக்கு இடமும் கிடையாது.

வேலையில் சிக்கல், சம்பள பாக்கி என்றால் வெளியுறவுத் துறையின் 'மதாத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் எழுதலாம். தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. உடலை ஊருக்கு அனுப்பும் செலவு, கஷ்டத்தில் இருப்பவருக்குத் தங்குமிடம், டிக்கெட் எல்லாம் அதிலிருந்து கேட்கலாம். கேட்டால்தான் தருவார்கள்.

—

குமரி_சிப்ஸ் | மார்த்தாண்டம்

நேந்திரன் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு வளைகுடா முழுவதும் அனுப்பப்படும். மட்டிப் பழம் விமானத்தில் வராது, மன்னிக்கவும்.

—

பட்டணத்துப்பிள்ளை

விளம்பரம் போட்டாலும் மட்டி பற்றி உண்மை பேசியிருக்கிறார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், இங்கே வந்து இறங்கும்போது கறுத்துவிடுகிறது. என் மகள் ஊருக்குப் போனால் கேட்கிற முதல் பொருள் அது.

—

பழவிளை_இரண்டாம்தலைமுறை | பழவிளை

இந்த இழையில் எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். தலைப்பில் "வெளிநாட்டில் குமரிக்காரன்" என்று இருக்கிறது. நான் குமரியில் இருக்கும் வெளிநாட்டான்.

மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் நான்கு: பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறாம்விளை. 2021-லிருந்து மறுவாழ்வு முகாம் என்று பெயர். நான் பிறந்தது நாகர்கோவிலில். பள்ளியும் கல்லூரியும் இங்கேதான். பேச்சு உங்கள் பேச்சு, மரச்சீனியும் மீன் கறியும் என் சாப்பாடு. அம்மா மட்டும்தான் இன்னும் புட்டுக்குச் சம்பல் அரைப்பார். என் கையில் இருப்பது முகாம் அடையாள அட்டை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்புக் குடியுரிமை. அதற்கு முன்னால் பிறந்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. அவர் சில வருஷம் முந்திப் பிறந்தார், நான் பிந்தினேன். 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் நாங்கள் இல்லை.

தோவாளை அண்ணாச்சி 1956-ஐப் பற்றி எழுதியதை வாசித்தேன். ஒரே நாளில் நான்கு தாலுகா சனங்களும் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆனார்கள், யாரும் வீட்டை விட்டு நகரவில்லை. எங்களுக்கு நேர்மாறு. என் தாத்தாவின் அப்பா இந்தப் பக்கத்திலிருந்துதான் தோட்ட வேலைக்குக் கடல் தாண்டிப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டபோது தோட்டத்துச் சனங்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று எண்ணிப் பிரித்தார்கள். எங்கள் குடும்பம் வடக்கே வவுனியாப் பக்கம் ஒதுங்கியது. பிறகு யுத்தம் துரத்தி இங்கே வந்தோம்.

என் பெரியப்பா மகன் சூரிச்சில். அவன் பிள்ளைகள் ஜெர்மன் பேசுகின்றன, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகின்றன. அவன் எனக்குப் பணம் அனுப்புகிறான், ஆனால் நான் அவனைப் போய்ப் பார்க்க முடியாது. உங்கள் சண்டை இரண்டு வாசலில் எது என்பது. வாசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

—

ஸ்ராங்கு_தூத்தூர்

தம்பி, நீ எழுதியது நல்லது. டியாகோ கார்சியா என்று ஒரு தீவு, மாலத்தீவுக்கும் தெற்கே, பிரிட்டிஷ்காரன் கையில். எங்கள் சுறாப் படகுகள் அந்த எல்லைக்குள் போனால் பிடித்து, அபராதம் போட்டு அனுப்புவார்கள். அப்படிப் போய்த் திரும்பியவர்கள் எங்கள் துறையில் உண்டு. அந்தத் தீவில்தான் 2021 அக்டோபரில் கனடா போகக் கிளம்பிய இலங்கைத் தமிழர் படகு ஒன்று பழுதாகிப் போய்ச் சேர்ந்தது. மூன்று வருஷம் கூடாரத்தில் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஆளுக்கு அபராதத்தோடு முடிந்தது, ஏனென்றால் திருப்பி அனுப்ப ஒரு நாடு இருந்தது.

—

தோவாளைப்பூ

பழவிளைத் தம்பி, உன் தாத்தாவின் அப்பா இங்கிருந்து போனவர் என்றால் நீ வெளிநாட்டான் எப்படி? தென் திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் ஏராளம். போய் வந்த காசில் நிலம் வாங்கியவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. எங்கள் குடும்பத்திலும் கண்டிக்குப் போய்க் காணாமல் போன ஒரு கிளை இருக்கிறது. யார் கண்டார், நீ என் பங்காளியாகக்கூட இருக்கலாம்.

—

பழவிளை_இரண்டாம்தலைமுறை

பங்காளி என்றால் அரசு ஆவணத்தில் எழுதித் தாருங்கள் அண்ணாச்சி 🙂

கேலி இருக்கட்டும். ஒரு கேள்வி. பஹ்ரைனில் நம் மாவட்ட நண்பர்கள் குழு ஒன்று குமரி மாணவர்களுக்குக் கல்வி உதவி தருகிறது என்று கல்லூரியில் சொன்னார்கள். என் தங்கை நர்சிங் சேர்ந்திருக்கிறாள். விண்ணப்பித்தோம். இந்தியக் குடும்ப அட்டையும் ஆதாரில் குமரி முகவரியும் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அரசாங்கம் எங்களுக்கு மாதம் தருவது குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500 என்று 2021-ல் உயர்த்தியது. அதில் கல்லூரிக் கட்டணம் எங்கே போய்க் கட்டுவது?

—

கருங்கல்_ரோஸ்

இதுக்கு யாரும் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. 1956, நேசமணி எல்லாம் பேசினோமே.

—

மேற்குக்கரையான்

நழுவவில்லை. அந்தக் குழுவில் நானும் சந்தா கட்டுகிறேன். விதிமுறையை எடுத்துப் பார்த்தேன். "கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இந்தியக் குடும்பங்கள்" என்று இருக்கிறது. எழுதியவர்களுக்கு முகாம் ஞாபகத்துக்கே வந்திருக்காது என்று நினைக்கிறேன். அது அவர்களுக்கு வசதியான மறதி என்று ரோஸ் சொல்வார், அதையும் மறுக்க மாட்டேன்.

"இந்திய" என்ற சொல்லை எடுத்துவிட்டு, மாவட்டத்துப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ் போதும் என்று மாற்றச் சொல்லி எழுதித் தரப் போகிறேன். எதிர்ப்பு வரும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே போதவில்லை என்பார்கள். பண விஷயத்தில் தூதரகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயமுறுத்துவார்கள். ஊரிலுள்ள ஒரு கல்லூரியின் பெயரில் நேராகக் கட்டணம் கட்டினால் அந்தச் சிக்கல் வராது என்று கணக்கு எழுதும் நண்பர் சொன்னார்.

படிவம்? தமிழ் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. தோவாளை அண்ணாச்சி வென்றதாக நினைக்க வேண்டாம். மலையாள வகுப்பில் இடம் முடிந்துவிட்டது என்று பள்ளியே சொல்லிவிட்டது. அம்மா மே மாதம் இங்கே வருகிறார், மலையாள எழுத்து அவர் பொறுப்பு. மனைவி இதற்குச் சம்மதித்தாள், நிபந்தனை: ஓணத்துக்கு லீவு போட வேண்டும்.

விதிமுறைத் திருத்தத்துக்கு ஐந்து உறுப்பினர் கையெழுத்து வேண்டும். என்னுடையதோடு மூன்று ஆகியிருக்கிறது. பஹ்ரைனில் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் தனிச் செய்தியில் வாருங்கள்.

—

பட்டணத்துப்பிள்ளை

நான் ஷார்ஜா, கையெழுத்துப் போட முடியாது. என் மச்சான் முஹர்ரக்கில் இருக்கிறான், அந்தக் குழுவில் உறுப்பினர்தான் என்று நினைக்கிறேன். சந்தா பாக்கி இருக்கும், அதை நான் கட்டிவிடுகிறேன். எண் அனுப்புகிறேன்.

—

கருங்கல்_ரோஸ்

திருத்தம் எழுதும்போது இன்னொரு வரியையும் பாருங்கள். விண்ணப்பத்தில் "தகப்பனார் / கணவர் கையொப்பம்" என்று மட்டும் இருக்கிறதாம். எங்கள் தெருவில் ஒரு விதவை அதனால்தான் மகளுக்குப் போடவில்லை. ஒரே கூட்டத்தில் இரண்டையும் முடித்துவிடலாம்.

—

மேற்குக்கரையான்

இருக்கிறது, பார்த்தேன். சேர்த்து எழுதுகிறேன். பழவிளைத் தம்பி, தங்கையின் கல்லூரிக் கட்டண ரசீது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இரண்டையும் எனக்கு அனுப்பி வையுங்கள். கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம்.